ஜுரம்தான் இல்லையே, அப்புறம் என்ன?

போன வருடம் மே மாதம். கத்திரி வெயில். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தார் ரோடு இளகி செருப்பில் ஒட்டுகிறது. இளநீர்க் கடைக்காரர் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அந்த வெயிலில் என் பக்கத்தில் ஒரு பெண்மணி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

ஆமாம், ஸ்வெட்டர்தான். முழுக்கை வைத்த கம்பளி ஸ்வெட்டர்.

ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முகம் லேசாக உப்பி, வெளிறிப்போயிருந்தது. கையில் ஒரு கட்டைப் பை. அதற்குள் ஆஸ்பத்திரி ஃபைல். பஸ்ஸில் பக்கத்து சீட் கிடைத்தது. பத்திரிகைக்காரன் வாய் சும்மா இருக்குமா?

''என்னக்கா, உடம்பு சரியில்லையா?''

''குளுருது தம்பி. எப்பவும் குளுரும். ஊரே வேர்த்து ஊத்தும், எனக்கு மட்டும் மார்கழி.''

''ஜுரமா?''

''ஜுரம் வந்தாத்தான் பரவால்லியே. ஒரு மாத்திரை குடுப்பாங்க, போயிடும். எனக்குத்தான் ஜுரமே வர மாட்டேங்குதே.''

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவருக்கு. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவர் கூடையில் மீன் எடுத்து ஊர் ஊராகப் போய் விற்றுக்கொண்டிருந்தவர். கூடையைத் தூக்க முடியவில்லை என்று விட்டு ஏழெட்டு வருடம் ஆகிறதாம். எந்நேரமும் அசதி. எழுந்தால் தலை சுற்றுகிறது. எத்தனையோ டாக்டர் பார்த்தாகிவிட்டது. ''ரத்தம் கம்மி'' என்று எல்லோரும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ''ஜுரம்தான் இல்லையே, அப்புறம் என்ன?'' என்று அனுப்பி வைத்தார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் ஒரு லேப்காரர்கள் முகாம் போட்டிருக்கிறார்கள். 'முழு உடல் பரிசோதனை - 70 டெஸ்ட் - சலுகை விலை' என்று பேனர். ''நெத்தியில துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சாங்க தம்பி. தொண்ணூத்தி நாலுன்னு காமிச்சுது. 'உங்க உடம்புல சூடே இல்ல, உடனே எல்லா டெஸ்ட்டும் எடுத்துடுங்க'ன்னு பயமுறுத்திட்டாங்க'' என்றார். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டியிருக்கிறார். பன்னிரண்டு பக்கத்துக்குக் கலர் கலராக ரிப்போர்ட் வந்தது. அங்கங்கே நட்சத்திரக் குறி. வைட்டமின் டி கம்மி, ஒரு நட்சத்திரம். கொழுப்பு அதிகம், ஒரு நட்சத்திரம். ஹீமோகுளோபின் கம்மி, ஒரு நட்சத்திரம். சோடியம் கம்மி, ஒரு நட்சத்திரம். தைராய்டுக்கான டி.எஸ்.எச்.? பச்சை எழுத்தில் 'நார்மல்'.

முகாமுக்கு வந்தவர் என்ன சொன்னாராம் தெரியுமா? ''உப்பு கொஞ்சம் கூட சேத்துக்கோங்க.'' கருவாட்டோடு வாழ்கிற குப்பத்தில்!

இந்த அக்காவுக்கு என்ன வியாதி என்பதைக் கடைசியில் மூன்று கேள்விகள் கண்டுபிடித்தன. எழுபது டெஸ்ட்டால் முடியவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

*

2020-ல் கொரோனா வந்தபோது நம் எல்லோர் நெற்றிக்கும் குறி வைத்தார்களே, அதே துப்பாக்கிதான். ஒரே நாளில் மூன்று கடை வாசலில் எனக்கு 97, 95, 93 என்று மூன்று விதமாகக் காட்டியிருக்கிறது. உடம்பின் உள்சூடு 95 டிகிரிக்கு, அதாவது 35 செல்சியஸுக்குக் கீழே போனால் அது 'ஹைப்போதெர்மியா'. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசர நிலை. 93 காட்டிய கடையில் வாட்ச்மேன், ''போங்க சார்'' என்று சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். நானும் சட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

காரணம் எளிது. அந்தக் கருவி பார்ப்பது தோலின் மேற்சூட்டை. வேர்வை, காற்று, ஏ.சி., பிடிக்கிற தூரம் எல்லாமே அதைக் குழப்பும். கூட்டத்தில் ஜுரக்காரரைப் பிரித்துக் காட்டத்தான் அது வந்தது. கடற்காற்று அடிக்கிற சமுதாயக் கூடத்தில் வேர்த்த நெற்றியில் அதை வைத்து 'சூடு கம்மி' என்று தீர்ப்புச் சொல்வது, நடைமேடை எடை மெஷினில் ஏறி நின்று நகையை எடை போடுகிற மாதிரி.

வீட்டில் இருக்கிற பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரும் இந்த விஷயத்தில் உதவாது. அதில் கோடு ஆரம்பிப்பதே 94-ல். அதற்குக் கீழே போனால் காட்ட அதில் இடமே கிடையாது. உதறாமல் வைத்தால் போன தடவை பார்த்ததையே திருப்பிக் காட்டும். ஜுரத்தைப் பார்ப்பதற்கென்றே செய்த கருவி அது.

சரி, அந்தப் புகழ்பெற்ற 98.6 எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து டாக்டர் கார்ல் வுண்டர்லிஷ் 1868-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சுமார் 25,000 பேரிடம் பத்து லட்சம் தடவைக்கு மேல் அக்குளில் சூடு பார்த்துச் சொன்ன சராசரி, 37 செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் 98.6. சராசரி என்றுதான் அவர் சொன்னார். நாம் அதைச் சட்டமாக்கிவிட்டோம். 1992-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 148 பேரை வைத்துத் திரும்ப அளந்து பார்த்தார்கள். சராசரி 98.2-தான் வந்தது. 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய ரிகார்டுகளையெல்லாம் தோண்டியெடுத்துப் பார்த்துவிட்டு, அமெரிக்கர்களின் உடல் சூடு பத்தாண்டுக்கு 0.03 செல்சியஸ் என்ற கணக்கில் தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டே வருகிறது என்றார்கள்.

ஆளுக்கு ஆள் இது மாறும். ஒரே ஆளுக்கே விடியற்காலையில் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் இருக்கும். வயதானவர்களுக்குக் குறைவு. அதனால் 97 காட்டுகிறது என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டரை, காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். காலை, மாலை என்று நாலைந்து நாள் குறித்து வையுங்கள். நூற்றில் தொண்ணூறு பேருக்குப் பயம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால், பயம் முடிந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

*

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்தவன். அதனால் எழுபது டெஸ்ட் வியாபாரத்தை எனக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன்.

லேப் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே 'நார்மல் அளவு' என்று போட்டிருப்பார்கள். அது எப்படி வருகிறது? பெரும்பாலும், ஆரோக்கியமாக இருக்கிற நிறையப் பேரைச் சோதித்து, நடுவில் வருகிற 95 சதவிகிதம் பேரின் அளவை எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் ஒரு நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த டெஸ்ட்டில் நட்சத்திரம் விழுந்தே தீரும். ஒரு டெஸ்ட்டுக்கு இந்தக் கதை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், நன்றாக இருக்கிற ஆளுக்கு ஒரு நட்சத்திரமாவது விழ வாய்ப்பு 64 சதவிகிதம். எழுபது எடுத்தால் 97 சதவிகிதம். கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 0.95-ஐ எழுபது முறை பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, எழுபது டெஸ்ட் பேக்கேஜ் என்பது நட்சத்திரம் உத்தரவாதமுள்ள லாட்டரி. ஒரு நட்சத்திரம் விழுந்தால் அடுத்த டெஸ்ட். அது ஒரு ஸ்கேனுக்கு. ஸ்கேன் இன்னொரு ஸ்பெஷலிஸ்ட்டுக்கு. நடுவில் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதும் தெரியாத ரகசியமில்லை. 2017-ல் பெங்களூரில் சில பரிசோதனைக் கூடங்களில் வருமான வரித் துறை சோதனை போட்டது. நோயாளியை அனுப்பி வைத்த டாக்டருக்கு எம்.ஆர்.ஐ. என்றால் 35 சதவிகிதம், சி.டி. ஸ்கேன், லேப் டெஸ்ட் என்றால் 20 சதவிகிதம் கமிஷன் போயிருக்கிறது என்று அரசே அறிக்கை விட்டது. இத்தனைக்கும், இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருடத்து ஒழுக்க விதிகள் இப்படிக் கமிஷன் வாங்குவதைத் தடை செய்திருக்கின்றன. விதி இருக்கிறது. கமிஷனும் இருக்கிறது. ரெண்டும் ஒரே ஊரில் சமாதானமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

டெஸ்ட்டே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எப்போதும் குளிர், அசதி என்று ஒருவர் வந்தால் தைராய்டு பார்ப்பது நூற்றுக்கு நூறு சரி. சென்னை உள்பட எட்டு நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், பெரியவர்களில் சுமார் 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது. எந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒரு டெஸ்ட் எடுக்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கேள்வியே கேட்காமல் எழுபது பதில் வாங்கி என்ன செய்ய?

*

அக்கா கதைக்கு வருகிறேன்.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டயரானவர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவருக்கு போன் போட்டேன். ரிப்போர்ட்டைப் படிக்க ஆரம்பித்ததுமே தடுத்துவிட்டார். ''அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்தம்மாகிட்ட போனைக் குடுப்பா'' என்றார்.

அக்கா போனை வாங்கிக்கொண்டு டீக்கடை ஓரமாகத் தள்ளிப் போனார். அஞ்சு நிமிஷம் பேசியிருப்பார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. ''இத்தினி வருசத்துல இதை ஒருத்தரும் கேக்கல தம்பி'' என்றார்.

டாக்டரம்மா கேட்டது மூன்று கேள்வி. கடைசிப் பிரசவத்தில் ரத்தம் ரொம்பப் போனதா? குழந்தைக்குப் பால் சுரந்ததா? அதற்கப்புறம் மாதவிலக்கு வந்ததா?

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய விஷயம். வீட்டிலேயே பிரசவம். ரத்தம் நிற்காமல் போய், பேச்சு மூச்சில்லாமல் கிடந்து, எப்படியோ பிழைத்திருக்கிறார். குழந்தைக்கு ஒரு சொட்டுப் பால் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். மாதவிலக்கு திரும்ப வரவே இல்லை. 'உடம்புல ரத்தம் இல்ல, அதான்' என்று சொந்தக்காரர்கள் சொல்ல, இவரும் அப்படியே நம்பிவிட்டார்.

இதற்குப் பெயர் ஷீஹன் சிண்ட்ரோம். ஹரால்டு ஷீஹன் என்ற இங்கிலாந்து டாக்டர் 1937-லேயே விளக்கமாக எழுதி வைத்துவிட்டுப் போன வியாதி. மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அது பெருக்கும். அதற்கு ரத்தமும் கூடுதலாகத் தேவைப்படும். அந்த நேரம் பார்த்துப் பிரசவத்தில் ரத்தம் கொட்டி, ரத்த அழுத்தம் அடியோடு இறங்கினால், அந்தச் சுரப்பி ரத்தமில்லாமல் கருகிப் போகிறது. முழுசாகவோ, பாதியாகவோ.

ஹெட் ஆபீஸ், பிராஞ்ச் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரி ஹெட் ஆபீஸ். கழுத்தில் இருக்கிற தைராய்டு ஒரு பிராஞ்ச். சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் இன்னொரு பிராஞ்ச். உடம்புச் சூடு, தெம்பு, ரத்த அழுத்தம் எல்லாம் இந்த பிராஞ்சுகள் வேலை பார்ப்பதைப் பொறுத்தது. தைராய்டு மந்தமானால் ஹெட் ஆபீஸ் மெமோ மேல் மெமோ அனுப்பும். அந்த மெமோதான் டி.எஸ்.எச். அதனால்தான் சாதாரண தைராய்டு குறைபாட்டில் டி.எஸ்.எச். ஏறுகிறது. ஆனால், ஹெட் ஆபீஸே எரிந்துபோயிருந்தால்? மெமோ எழுத ஆள் ஏது? டி.எஸ்.எச். குறைவாக இருக்கும், அல்லது நார்மல் மாதிரியே காட்டும். பிராஞ்ச் இழுத்து மூடிக் கிடக்கும். பேக்கேஜ்காரர் மெமோ ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'புகார் ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல்' என்று பச்சை எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பார்.

பி.காம். முதல் வருடத்திலேயே எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்த பாடம் இது. டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. வவுச்சரைப் பார்க்க வேண்டும்.

இங்கே வவுச்சர் என்பது இரண்டு டெஸ்ட். ஒன்று, ஃப்ரீ டி-4. தைராய்டு நிஜமாகவே எவ்வளவு சுரக்கிறது என்று சொல்வது. இன்னொன்று, காலை எட்டு மணி வாக்கில் எடுக்கிற கார்ட்டிசால். அட்ரீனலின் நிலவரத்தைச் சொல்வது. நேரம் முக்கியம். கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து, பகலில் இறங்கிவிடும். அக்கா மறுநாள் முதல் பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுத்தார். இரண்டுமே பாதாளத்தில் இருந்தன. அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்டக் காலி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டில் துப்பே இல்லாமல் இல்லை. சோடியம் குறைவு, ரத்தசோகை, கொழுப்பு அதிகம் இந்த மூன்றுமே இந்த வியாதியில் வரக்கூடியவை. மூன்றுக்கும் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மூன்றையும் சேர்த்து வைத்து யோசிக்க ஒரு மனுஷர் அங்கே இல்லை. ஒன்றுக்கு உப்பு, ஒன்றுக்கு டானிக், ஒன்றுக்கு 'எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க'. முடிந்தது வைத்தியம்.

வைத்தியம் என்ன? தினம் சில மாத்திரைகள். விலை ஒன்றும் யானை விலை குதிரை விலை இல்லை. ஆனால், வரிசை முக்கியம். முதலில் கார்ட்டிசாலுக்குப் பதிலான ஸ்டீராய்டு, அதன் பிறகே தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் சொல்கிறேன், 'குளிருதா? தைராய்டாத்தான் இருக்கும், என் மாத்திரையில பாதி போட்டுக்கோ' என்று சொல்கிற அடுத்த வீட்டு வைத்தியரிடமிருந்து காத தூரம் தள்ளி நில்லுங்கள். அமெரிக்காவிலேயே டெனிஸ் வில்சன் என்ற டாக்டர், உடம்புச் சூடு கம்மியா, டெஸ்ட் நார்மலாக இருந்தாலும் பரவாயில்லை என்று தைராய்டு ஹார்மோன் கொடுத்து, தன் பெயரிலேயே ஒரு வியாதியையும் உண்டாக்கினார். ஃப்ளோரிடா மாநில மருத்துவ வாரியம் 1992-ல் அவருடைய லைசென்ஸை நிறுத்தி வைத்தது. டெஸ்ட்டைக் கும்பிடுவது ஒரு மூடநம்பிக்கை என்றால், தெர்மாமீட்டரைக் கும்பிடுவது இன்னொன்று.

*

'ஏதோ லட்சத்தில் ஒருத்தருக்கு வருகிற வியாதியை வைத்து இவ்வளவு சத்தமா?' என்று கேட்பீர்கள். காஷ்மீரில் டாக்டர் அப்துல் ஹமீது ஜர்கர் குழுவினர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 2005-ல் வெளியிட்டார்கள். அங்கே குழந்தை பெற்ற, இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 3 சதவிகிதம் பேருக்கு இது இருக்கலாம் என்று சொன்னது அந்த ஆய்வு. பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு வீட்டுப் பிரசவம். காஷ்மீர் குளிர்ப் பிரதேசம், அங்கே ஸ்வெட்டர் போட்ட பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கேயே தேடிக் கண்டுபிடித்தார்கள். இங்கே கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண் நம் கண்ணில் படவில்லை!

பிரசவ மரணத்தைக் குறைத்ததில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட உரிமை இருக்கிறது. 2018-20 கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். இங்கே 54. இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். நல்லது. ஆனால், இருபது முப்பது வருடம் முன்னால் வீட்டில் பெற்று, ரத்தம் இழந்து, செத்துப் பிழைத்தவர்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள். செத்தவர்களை எண்ணத் தெரிந்த நாம், பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா?

இந்த அக்கா மட்டும் இல்லை. 'ஜுரம்தான் இல்லையே' என்ற இரண்டு வார்த்தையால் கவனிக்கப்படாமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் எண்பது வயதுத் தாத்தா ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை, குழப்பமாகப் பேசுகிறார், உடம்பு ஜில்லென்று இருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டு, 'ஜுரம் இல்லை, தூங்கட்டும்' என்போம். வயதானவர்களுக்குக் கடுமையான கிருமித் தொற்று வந்தால் சூடு ஏறாமல் இறங்கவும் செய்யும். 96.8-க்குக் கீழே போவதை டாக்டர்கள் ஜுரத்துக்குச் சமமான அபாய அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஜுரத்தோடு வருகிறவரைவிட ஜில்லிட்டு வருகிறவருக்கு ஆபத்து அதிகம். பிறந்த குழந்தைக்கு 97.7-க்குக் கீழே போனாலே அது குளிர்ந்த குழந்தை. அம்மாவின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்தித்தான் சூடேற்ற வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்குச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கினாலும், தூக்க மாத்திரை, மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், குடித்துவிட்டுத் தெருவில் கிடக்கிறவருக்கும், சாப்பாடில்லாமல் எலும்பும் தோலுமாக இருப்பவருக்கும் உடம்பு குளிரும். இதில் எதையுமே எழுபது டெஸ்ட் பேக்கேஜ் கேட்பதில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க ஊசி தேவையில்லை. காசு தேவையில்லை. உட்கார்ந்து கேட்க ஆள்தான் தேவை.

*

டெஸ்ட் என்றால் என்ன என்பதைச் செங்கல்பட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலக மருத்துவப் புத்தகங்களில் இந்த ஊர் பெயர் இருக்கிறது, தெரியுமா? காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காப்பாற்றுகிறதா என்று 1968-ல் தொடங்கிய மாபெரும் சோதனை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தது. சுமார் 2.8 லட்சம் பேர். சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்கு வெறும் ஊசி. வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1979-ல் முதல் அறிக்கை வந்தது: நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களை அது காப்பாற்றவில்லை. குழந்தைகளுக்கு வருகிற மூளைக் காசநோய் மாதிரியானவற்றைத் தடுக்க இன்றும் அந்த ஊசி போடுகிறோம், அது வேறு. ஆனால், அந்த அறிக்கை எத்தனை பேருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்! இருந்தாலும் மறைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி, அதற்குத் தகுந்த சோதனை, வந்த பதில் பிடிக்காவிட்டாலும் அப்படியே வெளியிடுகிற நேர்மை. 1999-ல் பதினைந்து வருடக் கணக்கும் வந்தது. பதில் மாறவில்லை.

அந்தப் பெயர் பெற்ற ஊரில்தான் இன்று கேள்வியே இல்லாத டெஸ்ட்டைக் கூவி விற்கிறார்கள்.

'எங்க மாமாவுக்குப் பேக்கேஜ்லதான் சர்க்கரை இருக்கிறது தெரிஞ்சுது' என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். சந்தோஷம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், காசில்லாமல். அதற்கு மீதி அறுபத்தெட்டு டெஸ்ட் எதற்கு?

'ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது எப்படி உட்கார்ந்து கேள்வி கேட்பது?' என்று அரசு டாக்டர்கள் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அவர்களைத் திட்ட நான் வரவில்லை. ஆனால், இந்த மூன்று கேள்வியை டாக்டர்தான் கேட்க வேண்டுமா? வீடு தேடிப் போகிற ஊழியர் கேட்கலாமே. நாற்பது வயது தாண்டிய பெண்ணின் அட்டையில், 'பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா, பால் சுரந்ததா, விலக்கு வந்ததா' என்று மூன்று கட்டம் சேர்க்க எத்தனை கோடி ஆகும்? மூன்றுக்கும் தப்பான பதில் வந்தவரை மட்டும் ஃப்ரீ டி-4, காலை கார்ட்டிசால் எடுக்க அனுப்பினால் போதும். சுகாதாரத் துறையில் யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே ஒரு ஃபைல் போடுங்கள்.

படிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை. யாராவது பேக்கேஜ் விற்க வந்தால், 'எந்தக் கேள்விக்கு இந்த டெஸ்ட்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பர்ஸை மூடிவிடுங்கள். உங்கள் வீட்டில் எப்போதும் குளிருகிறது என்கிற அம்மாவோ, அத்தையோ, பெரியம்மாவோ இருந்தால் அந்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அக்கா இப்போது எப்படி இருக்கிறார்? மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார். ஜுரம், வாந்தி என்று வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டும், எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி வாங்கி, சுருக்குப் பையில் வைத்திருக்கிறார். ஸ்வெட்டரைப் பரணில் போட்டுவிட்டாராம். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். ''பேரு ஊரு போடாம எழுது தம்பி. என்னை மாதிரி இன்னும் யாரு யாரு இருக்காங்களோ'' என்றார்.

போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் அதே லேப்காரர்கள் திரும்பவும் முகாம் போட்டிருக்கிறார்கள். இந்த முறை பேனரில் 80 டெஸ்ட். அக்கா நேராகப் போய், ''பிரசவத்துல ரத்தம் போச்சான்னு பொம்பளைங்களைக் கேப்பீங்களா?'' என்று கேட்டிருக்கிறார்.

''என்னக்கா சொன்னாங்க?''

'' 'அதெல்லாம் பேக்கேஜ்ல வராதும்மா'ன்னுட்டாங்க தம்பி.''